4 மணி நேரம் க்யூ... 15 நிமிஷம் கேம்!

ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ போயிருக்கீங்களா? விடியற்காலையில் எழுந்து, தியேட்டர் கேட்டில் நசுங்கி, சட்டை பட்டன் ரெண்டைப் பறிகொடுத்து, ஒருவழியா சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு வரும் பாருங்க... அதே பெருமூச்சை ஜெர்மனியில் விட்டுட்டு வந்திருக்கேன் பாஸ்! ஒரே ஒரு வித்தியாசம். அங்கே படம் ரெண்டரை மணி நேரம் ஓடும். இங்கே எனக்குக் கிடைச்சது கறாரா பதினைந்தே நிமிஷம்!

இடம்: கொலோன் நகரம். நாள்: 2025 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. விசேஷம்: கேம்ஸ்காம். இன்னும் கடைக்கே வராத வீடியோ கேம்களைக் கொண்டுவந்து வெச்சு, 'வாங்க, ஆடிப் பாருங்க' என்று கன்ட்ரோலரைக் கையில் கொடுக்கிற திருவிழா.

நானும் என் ரூம்மேட்டும் ஆகன் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறோம். கொலோன் ஒரு மணி நேர ரயில் பயணம். ஸ்டூடன்ட் பாஸ் இருப்பதால் டிக்கெட் செலவு மிச்சம். கேம்ஸ்காம் டிக்கெட்டுக்கு மட்டும் பார்ட் டைம் வேலைக் காசில் கை வெச்சோம். கூடவே ஒரு டப்பா புளியோதரை. உள்ளே ஒரு உருளைக்கிழங்கு வறுவல் விற்கிற விலைக்கு நம்ம ஊரில் ஒரு குடும்பமே ஃபுல் மீல்ஸ் சாப்பிடலாம் என்று சீனியர் ஒருத்தர் எச்சரிக்கை செய்திருந்தார். மகராசன்!

கலர் கலரா வளையல்!

'மெஸ்ஸே டாய்ட்ஸ்' ஸ்டேஷனில் இறங்கினதுமே புரிஞ்சுபோச்சு. ரைன் நதிக்கு அந்தப் பக்கம் பிரமாண்டமான கொலோன் கதீட்ரல். இந்தப் பக்கம் பிரமாண்டமான கூட்டம். முதுகில் ஆளுயர வாள் கட்டின பொண்ணு, தலையில் கொம்பு வெச்ச பையன், மரியோ தொப்பி போட்ட தாத்தா... எல்லாரும் ஒரே திசையில் நடக்கிறாங்க. வழி கேட்கவே தேவையில்லை.

சும்மா ஒரு ஐடியாவுக்குச் சொல்றேன். அந்த வருஷம் அஞ்சு நாளில் வந்தவங்க 3,57,000 பேர். கடை விரிச்ச கம்பெனிகள் 1,500-க்கு மேல். 2002-லிருந்து 2008 வரை லைப்சிக் நகரத்தில் 'கேம்ஸ் கன்வென்ஷன்' என்ற பெயரில் ஒரு விழா நடந்தது. அதற்கு ஆதரவாக இருந்த ஜெர்மன் கேம் கம்பெனிகளின் சங்கம் 2009-ல் கொலோனுக்கு ஜாகை மாற, பிறந்ததுதான் கேம்ஸ்காம். ஒரு காலத்தில் இந்த உலகத்தின் பெரிய அண்ணன் அமெரிக்காவின் 'இ3'. 1995-ல் ஆரம்பிச்சு லாஸ் ஏஞ்சலஸில் கொடி கட்டிப் பறந்தது. கொரோனாவுக்கு முன், 2019-ல் நேரில் நடந்ததுதான் கடைசி. 2023 டிசம்பரில் மொத்தமாக மூடுவிழா. இப்போ கேம் பைத்தியங்களுக்கு மெக்கா இந்த ஊர்தான்.

உள்ளே நுழைஞ்சதும் முதல் வேலை, கையில் வளையல் வாங்குவது! ஜெர்மனியில் கேம்களுக்கு வயசு சர்டிஃபிகேட் உண்டு. நம்ம ஊர் 'யு', 'ஏ' மாதிரி. பாஸ்போர்ட்டைக் காட்டினால் வயசுக்குத் தகுந்த கலரில் கையில் பட்டை கட்டுவாங்க. 12 தாண்டினா பச்சை, 16 தாண்டினா நீலம், 18 தாண்டினா சிவப்பு. ரத்தம் தெறிக்கிற கேம்களை சுவர் கட்டி மறைச்சு வெச்சிருக்காங்க. சிவப்புப் பட்டை இல்லாதவங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. முறுக்கு மீசை வெச்சிருந்தாலும் பட்டைதான் பேசும்!

ரெண்டு பேர்... ரெண்டு க்யூ!

பத்து மணிக்கு கதவு திறந்ததும் ஒரு ஓட்டம் ஓடினாங்க பாருங்க, ஒலிம்பிக்ஸ் தோத்துச்சு. பெரிய கேம்களுக்கு மூணு, நாலு மணி நேரம் க்யூ. ஆக ஒரு நாளைக்கு ஒரு ஆள் பெரிய கேம் ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு ஆடலாம். அவ்வளவுதான். இது தெரியாமல் பன்னிரண்டு கேம் லிஸ்ட் போட்டு எடுத்துட்டு வந்திருந்தோம். லிஸ்ட்டைக் கிழிச்சோம்.

"மச்சான், நான் பேயைப் பார்க்கப் போறேன். நீ பூச்சியைப் பாரு" என்றான் ரூம்மேட். பேய் என்றது கேப்காமின் 'ரெசிடென்ட் ஈவில் ரெக்விம்'. பூச்சி என்றது 'ஹாலோ நைட்: சில்க்சாங்'.

சில்க்சாங் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரம். 'டீம் செர்ரி' என்று ஒரு குட்டி டீம். 2014-ல் இணையத்தில் ரசிகர்களிடமே துண்டு ஏந்தி, சுமார் 57 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டி, 'ஹாலோ நைட்' என்று ஒரு கேமைச் செய்தாங்க. 2017-ல் வந்தது. பூச்சிகளின் பாழடைந்த ராஜ்ஜியத்தில் ஒரு குட்டி வீரன். கையால வரைஞ்ச 2டி படங்கள்தான். ஆனால் விற்றது ஒன்றரைக் கோடி பிரதிகள்!

அதன் அடுத்த பாகம்தான் சில்க்சாங். 2019 பிப்ரவரியில் அறிவிச்சாங்க. அதே வருஷம் இ3-ல் ஆடவும் விட்டாங்க. 'ஆஹா, அடுத்த வருஷம் வந்துடும்' என்று ரசிகர்கள் குஷி ஆனாங்க. 2020 வந்தது... கேம் வரலை. 2021, 22, 23, 24... ம்ஹூம்! ஒவ்வொரு கேம் விழாவுக்கும் 'இன்னைக்கு தேதி சொல்வாங்க' என்று ராத்திரி முழுக்கக் கண் விழிச்சு உட்கார்வதும், பல்பு வாங்குவதும் உலகம் முழுக்க ஒரு சடங்காகவே ஆயிடுச்சு. ஏமாந்த ரசிகர்கள் தங்களுக்குத் தாங்களே கோமாளி மேக்கப் போட்ட படங்களைப் பகிர்ந்துக்கிட்டாங்க. நானும் அதில் ஒரு கோமாளி. காலேஜ் ஃபர்ஸ்ட் இயரில் காத்திருக்க ஆரம்பிச்சவன், டிகிரி முடிச்சு, வேலைக்குப் போய், வேலையை விட்டு, ஜெர்மனிக்கே வந்துட்டேன். கேம் வரலை!

எக்ஸ்பாக்ஸ் ஸ்டாலில் அந்த கேம் ஆடக் கிடைக்குது என்றதும் எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க?

அந்த நாலரை மணி!

வழி தவறி, ஹால் மாறி, பகல் பன்னிரண்டரைக்குத்தான் க்யூவின் வாலைப் பிடிச்சேன். கேம்ஸ்காம் க்யூவில் நிற்பதே ஒரு கலை. அனுபவசாலிகள் எல்லாரும் அட்டையில் செய்த மடக்கு ஸ்டூல் வெச்சிருக்காங்க. நான் தேமேன்னு தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் கோமாளி மூக்கு மாட்டின ஒரு ஜெர்மன் பையன். பின்னால் பெல்ஜியத்திலிருந்து வந்த அண்ணன், தங்கச்சி. முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசலை. புளியோதரை டப்பாவைத் திறந்தேன். வாசனைக்கு மூணு பேரும் திரும்பினாங்க. அப்புறமென்ன... அரை மணியில் நாலு பேரும் ஒரே குடும்பம். கோமாளி மூக்கு மட்டும் மிளகாயைக் கடிச்சுட்டு, மூக்கைவிடச் சிவந்துபோனான்.

மணி நாலரை. டீம் செர்ரி ஒரு ஸ்பெஷல் அறிவிப்பு வெளியிடப்போறதா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. க்யூவில் இருந்த அத்தனை பேரும் போனை எடுத்தாங்க. என் போனில் சார்ஜ் நாலு பர்சென்ட். கோமாளி மூக்கின் தோள் வழியா எட்டிப் பார்த்தேன். வீடியோ ஓடுது... ஓடுது... கடைசியில் தேதி!

செப்டம்பர் 4.

ரெண்டே வாரம்! ஆறரை வருஷம் இழுத்தடிச்சுட்டு, 'இன்னும் 14 நாளில் வர்றோம்'னு சொல்றாங்க. க்யூவே கத்துச்சு. பெல்ஜியம் தங்கச்சி அழுதுட்டாங்க. கோமாளி மூக்கு தன் மூக்கைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கிட்டான்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு ரூம்மேட் போன் பண்ணினான். "டேய், ரெண்டு வாரத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து ஆடலாம். அப்புறம் எதுக்குடா அங்கே நின்னுக்கிட்டிருக்கே? கிளம்பி வா, சுத்திப் பார்ப்போம்!"

நியாயமான கேள்வி. திரும்பிப் பார்த்தேன். க்யூவில் ஒருத்தர்கூட நகரலை. நானும் நகரலை. ஏன்னு அப்போ கேட்டிருந்தா பதில் தெரிஞ்சிருக்காது.

கண்ணுக்குத் தெரியாதது... கைக்குத் தெரியும்!

ஒருவழியா என் முறை. கையில் ஒரு குட்டி மெஷின். அப்போ இன்னும் கடைக்கே வராத ஆர்.ஓ.ஜி. எக்ஸ்பாக்ஸ் அலை. "பதினஞ்சு நிமிஷம். பாசிக் குகையா, ஆழத் துறைமுகமா?" ரெண்டு ஏரியாவில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். கேமின் ஆரம்பமான பாசிக் குகையைத் தொட்டேன்.

முதல் நிமிஷம் சொர்க்கம். பச்சைப் பசேல் பாசி, தூரத்தில் மணியோசை, சிவப்புப் போர்வையில் நம்ம ஹீரோயின் ஹார்னெட். ரெண்டாவது நிமிஷம்... டமால்! பூச்சிக்குப் பக்கத்தில் போய் விழுந்தேன். மறுபடி குதிச்சேன். மறுபடி டமால்!

விஷயம் என்னன்னா, பழைய கேமில் குதிச்சுக்கிட்டே கீழே வெட்டினா, வெட்டு நேர்க்கோட்டில் செங்குத்தா இறங்கும். எதிரி தலையில் பந்து மாதிரி குதிச்சுக் குதிச்சுப் போகலாம். நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடி ஆடி, என் கட்டைவிரலுக்கு அது சுவாசம் மாதிரி ஆயிடுச்சு. ஆனால் ஹார்னெட் நேரா இறங்க மாட்டாள். சாய்வா, மூலைவாட்டில் பாய்வாள்! எதிரி தலைக்கு மேலே நின்னு அடிச்சா, அவனைத் தாண்டிப் போய் விழுவோம். கொஞ்சம் தள்ளி நின்னு குறி வைக்கணும்.

ஆறு வருஷமா இந்த கேமின் டிரெய்லரை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்திப் பார்த்திருக்கேன். அவள் சாய்வா பாயறது கண்ணுக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. ஆனால் அது என் விரலை என்ன பாடு படுத்தும்னு தெரியவே இல்லை. அதைச் சொல்ல கைக்கு ரெண்டு நிமிஷம் போதுமானதா இருந்தது!

அடுத்து, உயிர் ஏத்துற விஷயம். பழைய கேமில் ஒவ்வொரு உயிரா மெதுவா ஏறும். இதில் எதிரியை அடிச்சு அடிச்சு நூல் சேர்த்து, மொத்தமா செலவழிச்சா ஒரே வீச்சில் மூணு உயிர். படிச்சா 'ஓ, அப்படியா' என்று தோணும். ஆடினாத்தான் தெரியும், அது ஆளையே மாத்திடுதுன்னு. பழைய கேமில் அடிபட்டா ஒதுங்குவேன். இதில் அடிபட்டா நூலுக்காக மறுபடி எதிரி மேலேயே பாயறேன்!

பன்னிரண்டாவது நிமிஷம் சாய்வுக் கணக்கு பிடிபட ஆரம்பிச்சது. பதினஞ்சாவது நிமிஷம் தோளில் ஒரு கை. "டைம்!" அவ்வளவுதான். கொடுத்துட்டு எழுந்தேன்.

பேய் பார்த்தவன் கதை!

ரூம்மேட்டை வாசலில் பிடிச்சேன். முகம் வெளிறியிருந்தது. இருட்டான ஆஸ்பத்திரி மாதிரி இடம், கையில் ஒரு லைட்டர் வெளிச்சம் மட்டும், பின்னால் துரத்துற ஒரு ராட்சச உருவம். "மச்சான், ஓடுறதைவிட ஒளியறதுதான் அதிகம்" என்றான். கேமராவை ஹீரோயினின் கண் வழியாகவும் வெச்சுக்கலாம், முதுகுக்குப் பின்னாலும் வெச்சுக்கலாமாம். "முதுகுப் பக்கம் வெச்சா பயம் பாதியாகுது. அதனால அதை வெச்சுக்கிட்டேன்" என்று ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டணும்!

ஆனால் அவன் இன்னொண்ணும் சொன்னான். "டெமோ செமையா இருந்துச்சு. ஆனா முழு கேமும் இப்படியே இருக்குமான்னு தெரியலை." அதுதான் பாயின்ட்! போர்டில் போட்டிருந்த ரிலீஸ் தேதி 2026 பிப்ரவரி 27. அதுவரை இந்தக் கொஞ்ச நேரத்தை வெச்சுத்தான் எல்லாரும் கற்பனை பண்ணணும்.

டெமோ என்பது பெரும்பாலும் ஒரு கேக் துண்டு. 'வெர்டிகல் ஸ்லைஸ்' என்பாங்க. கேம் பாதிகூட முடிஞ்சிருக்காது. ஆனா ஒரே ஒரு துண்டை மட்டும் படம், சத்தம், சண்டை என எல்லா அடுக்கோடும் மெருகேத்தி வெச்சிருப்பாங்க. பொண்ணு பார்க்கப் போன வீட்டு பஜ்ஜி மாதிரி. தினமும் அதே பஜ்ஜி கிடைக்கும்னு நினைக்கக் கூடாது!

அதுவாவது பரவாயில்லை. கன்ட்ரோலரைக் கொடுக்காமல் கண்ணுக்கு மட்டும் காட்டினதில் எத்தனை பேர் ஏமாந்திருக்காங்க தெரியுமா? 2012 இ3-ல் காட்டின 'வாட்ச் டாக்ஸ்' அவ்வளவு அழகு. 2014-ல் கைக்கு வந்தப்போ 'அந்த வெளிச்சமெல்லாம் எங்கேப்பா?' என்று கேட்டாங்க. 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' 2013-ல் வெளிவந்ததும், காட்டினது வேற, கொடுத்தது வேற என்று கோர்ட் வரைக்கும் போனாங்க. 'சைபர்பங்க் 2077' கேமை 2018-ல் மூடின அறைக்குள் பார்த்தவங்க வாயைப் பிளந்தாங்க. 2020 டிசம்பரில் ரிலீஸ். பழைய மெஷின்களில் தடுமாறின தடுமாற்றத்தில், சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கிடுச்சு. திரும்பி வர 2021 ஜூன் ஆச்சு. அப்புறம் அதைச் சரி பண்ணி நல்ல பேர் வாங்கினாங்க என்பது வேற கதை. முதல் நாளே முழுக் காசு கொடுத்தவனுக்கு அது ஆறுதலா?

பேசாமல் நின்ன மனுஷன்!

மணி ஆறு. கால் ரெண்டும் கெஞ்சுது. 'க்யூ இல்லாத இடம் எங்கேயாவது இருக்கா?' என்று தேடித்தான் பத்தாம் ஹாலில் 'இண்டி அரீனா பூத்' பக்கம் ஒதுங்கினோம். ரெண்டு பேர், மூணு பேர் சேர்ந்து செய்த குட்டிக் குட்டி கேம்கள். ஒரு மேஜை, ஒரு மானிட்டர், பக்கத்தில் செய்தவரே நிற்கிறார்.

சின்ன டீம் என்று அலட்சியமா நினைக்காதீங்க. டொரான்டோவில் ஒரு சின்ன டீம் செய்த 'வெண்பா' ஞாபகம் இருக்கா? கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிஞ்ச சமையல் குறிப்பு நோட்டு, இட்லி, புட்டு, பிரியாணி. 2023-ல் வந்த அந்த கேமுக்கு 2024-ல் பாஃப்டா விருதே கிடைச்சது!

நான் உட்கார்ந்த மேஜையில் ஒரு புதிர் கேம். ஒரு கலங்கரை விளக்கம், அதன் வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பி வழி கண்டுபிடிக்கணும். மூணாவது அறையில் மாட்டிக்கிட்டேன். ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்... திரும்பி, கேமைச் செய்தவரைப் பார்த்தேன். முப்பது வயசு இருக்கும். கையில் ஒரு நோட்டு. சின்னதா ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லலை!

எனக்குக் கடுப்பு. 'க்ளூ கொடுத்தா குறைஞ்சா போயிடுவார்?' இன்னும் ரெண்டு நிமிஷம் முட்டி மோதிட்டு, "சாரி, எனக்குத் தெரியலை" என்று எழுந்தேன். அப்போதான் வாயைத் திறந்தார்.

"நீங்க திரும்பத் திரும்ப அந்த இடது பக்கக் கதவுகிட்டேயே போனீங்களே, ஏன்?"

"அது மட்டும்தான் மஞ்சளா இருந்துச்சு. முந்தின ரெண்டு அறையிலும் மஞ்சள்தானே வழி?"

வேகமா நோட்டில் எழுதினார். "இன்னைக்கு அந்தக் கதவுகிட்ட போன பதினோராவது ஆள் நீங்க. தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது. நாளைக்குள்ள அந்தக் கலரை மாத்தணும். நீங்க நின்ன நாலு நிமிஷத்துக்கு ரொம்ப நன்றி!"

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஏன்னா, அந்த மனுஷன் நின்ன இடத்தில் நானும் ஒரு தடவை நின்னிருக்கேன்.

பி.இ. ஃபைனல் இயரில் நாலு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்தோம். காலேஜ் சிம்போசியத்தில் ஸ்டால் போட்டோம். ஆட வந்த ஒவ்வொருத்தர் பக்கத்திலும் நின்னு, "இங்கே குதி... இல்லல்ல, அந்த பட்டன்... மேலே பாரு, சாவி இருக்கு" என்று வாய் ஓயாமல் வழி காட்டினேன். எல்லாரும் முடிச்சாங்க. எல்லாரும் "சூப்பர் மச்சி" என்றாங்க. முதல் பரிசுகூடக் கிடைச்சது. அந்தத் தெம்பில் நெட்டில் ஏத்தினோம். டவுன்லோட் பண்ணினவங்களில் முதல் லெவலைத் தாண்டினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 'என்ன பண்ணணும்னே புரியலை' என்று ஒருத்தர் எழுதியிருந்தார். 'ஆடத் தெரியாதவன்' என்று நாங்க நாலு பேரும் அவரைத் திட்டினோம். அதோட அந்த கேமை மூட்டை கட்டினோம். ரெண்டு பேர் அந்தப் பக்கமே திரும்பலை.

இப்போ புரியுது. சிம்போசியத்தில் அவங்க ஆடினது எங்க கேமை இல்லை, என் வாயை! அவங்க வீட்டுக்கு என் வாய் கூடப் போகலையே!

இது பெரிய கம்பெனிகள் எப்போதோ கத்துக்கிட்ட பாடம். 1998-ல் வந்த 'ஹாஃப்-லைஃப்' கேமைச் செய்யும்போது வால்வ் கம்பெனி 200-க்கு மேற்பட்ட தடவை வெளியாட்களை உட்காரவெச்சு ஆடவிட்டிருக்கு. செய்தவங்க பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், எழுதிக்கலாம். உதவி பண்ணக் கூடாது. தான் ராவும் பகலுமா செய்த அறையில் ஒருத்தன் திணறுவதை வாயை மூடிக்கிட்டுப் பார்க்கிறது எவ்வளவு பெரிய தண்டனை! ஆனால் அந்தத் தண்டனையில்தான் கேம் உருப்படுது.

நாங்க கேமை டெஸ்ட் பண்ண வந்திருக்கோம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவர் நோட்டைப் பார்த்ததும்தான் புரிஞ்சது. நம்ம கை எங்கே தடுமாறுதுன்னு பார்க்கிறதுக்குத்தான் அவர் கடையே விரிச்சிருக்கார்!

உங்க கைக்கு ஒரு டெமோ கிடைச்சா...

விசா வேணாம், விமானம் வேணாம். ஸ்டீம் தளத்தில் வருஷத்துக்கு மூணு முறை 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' நடக்குது. வரப்போற நூற்றுக்கணக்கான கேம்களின் டெமோ இலவசம். ஹைதராபாத்தில் பல வருஷம் நடந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாடு, 2025 நவம்பரில் நம்ம சென்னைக்கே வந்தது. ஆடும்போது இதையெல்லாம் கவனிங்க:

* முதல் அஞ்சு நிமிஷம் படத்தைப் பார்க்காதீங்க, விரலைக் கவனிங்க. குதிக்கணும்னு நினைச்சதும் குதிக்குதா, இல்லை ஒரு கணம் யோசிச்சுட்டுக் குதிக்குதா?

* வேணும்னே ஒரு தடவை செத்துப் பாருங்க. செத்த பிறகு மறுபடி ஆடத் தோணுதா, எழுந்து போகத் தோணுதா? அதுதான் நிஜமான ரிவ்யூ.

* எந்த மெஷினில் ஆடுறீங்கன்னு கேளுங்க. உங்க வீட்டு லேப்டாப் அதில் பாதியாவது இருக்கா?

* டிரெய்லர் பார்த்து முன்பணம் கட்டாதீங்க. பெரிய கேம் ஒண்ணு இங்கே 70, 80 யூரோ. நம்ம பணத்தில் ஏழாயிரத்துக்கு மேல்! டிஜிட்டல் கேம் ஸ்டாக் தீர்ந்துபோகாது. ஒரு வாரம் பொறுத்தா ஒண்ணும் குடி முழுகாது.

* நீங்களே கேம் செய்யறவரா? ஆடறவர் பின்னால் நில்லுங்க. நோட்டை எடுங்க. வாயை மூடுங்க!

செப்டம்பர் 4

சொன்ன தேதிக்கு சில்க்சாங் வந்தது. விலை 20 டாலர். கூட்டம் மொய்ச்ச மொய்ப்பில் ஸ்டீம் உள்பட பெரிய ஆன்லைன் கடைகளே கொஞ்ச நேரம் படுத்துடுச்சு. ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் அஞ்சு லட்சத்துக்கு மேற்பட்டவங்க ஆடினாங்க. ரெண்டே நாளில் உலகம் முழுக்க ஒரே புலம்பல்: 'இந்தச் சாய்வுப் பாய்ச்சல் கைக்கே வரலையே!' நான் மட்டும் சோபாவில் சாய்ஞ்சுக்கிட்டு ஒரு பாஸ் மாதிரி சிரிச்சேன். நமக்குத்தான் கொலோனிலேயே பாடம் ஆச்சே!

சிரிப்பு ரெண்டு மணி நேரம்கூட நிலைக்கலை. அடுத்தடுத்து வந்த பெரிய பூச்சிகள் துவைச்சு எடுத்துடுச்சு. ஆரம்பமே இவ்வளவு கஷ்டமா என்று ஊரே கத்த, டீம் செர்ரி முதல் பேட்ச்சிலேயே ரெண்டு எதிரிகளைக் கொஞ்சம் அடக்கி வெச்சது. பதினஞ்சு நிமிஷ டெமோவில் இது எதுவும் தெரியலை பாருங்க. கை பொய் சொல்லாது. ஆனா பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல் அதுக்கும் எதுவும் தெரியாது!

ரூம்மேட்? வேற ஒரு கேமுக்கு டிரெய்லரை மட்டும் பார்த்து முன்பணம் கட்டியிருந்தான். திரும்பி வரும் ரயிலிலேயே கேன்சல் பண்ணினான். அந்தக் காசில் ரெண்டு பேருக்கும் ஒரு மாச மளிகை ஓடியது.

நான் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூசி தட்டி எங்க காலேஜ் கேமை வெளியே எடுத்தேன். ரூம்மேட்டை உட்காரவெச்சு, கன்ட்ரோலரைக் கொடுத்துட்டு, பின்னால் நோட்டோடு நின்னேன். முதல் லெவல் சாவியை அவன் கண்டுபிடிக்க ஒன்பது நிமிஷம் ஆச்சு. மேலே பாருடா, மேலே பாருடா என்று மனசு கதறுது. நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"டேய், ஏதாவது சொல்லேன்டா!" என்று கத்தினான்.

சிரிச்சுட்டு, நோட்டில் எழுதினேன்: 'சாவி கண்ணுக்கே தெரியலை.'